சின்னக்காவோட ஜோடி

சின்னக்கா, நான் போய்ட்டு வந்துட்டேன். ஜனவரி ஒன்னாந்தேதி, அமிர்தி மலைக்கு, உன் கும்பலோட. நீ இருந்திருந்தா "உன்ன யாருடி கூப்ட்டது"ன்னு கேட்டிருப்ப. யாரும் கூப்புடல. நானாதான் போனேன். உன் எடத்துல நான் நிக்கணும், அதுக்குதான் போனேன்.

மத்தவங்களுக்கு புரியற மாதிரி சொல்றேன். எனக்கு கோர்வையா எழுத வராது, ஒம்போதாவதோட நின்னுட்டேன். ஆம்பூர்ல ஷூ கம்பெனில வேல. தச்சு வர்ற தோல்ல பிசிறு நூல் நீட்டிகிட்டு இருக்கும், அத கத்திரிச்சி விடறதுதான் என் வேல. எங்க வீட்ல மூணு பொண்ணுங்க. பெரியவ கல்யாணம் ஆகி நெமிலில கீறா. அடுத்தவ சின்னக்கா. கடைசி நான். சின்னக்கா பன்னெண்டாவது முடிச்சிட்டு வேலூர் சத்துவாச்சாரில ஒரு மருந்து கடையில பில் போட்டா. தெனம் ரயில்ல காட்பாடி, அங்கேர்ந்து பஸ். போன மழைக்கு ஜொரம்னு படுத்தா. ஆஸ்பத்திரில சேத்தோம். அங்கேர்ந்து அவ நடந்து வரல.

எனக்கும் அவளுக்கும் ஒரே பாய், ஒரே போர்வ. அவ சடை பின்னி விட்டாதான் எனக்கு சடை நிக்கும். அப்படி இருந்தோம். ஆனா அவள அடக்கம் பண்ண அன்னிக்கு, வந்தவங்க எல்லாரும் கட்டிப்புடிச்சி ஆறுதல் சொன்னது எனக்கு இல்ல. சத்துவாச்சாரிலேர்ந்து ஒரு பொண்ணு வந்திருந்தா. அக்காவோட தோஸ்த்து. பேங்க்ல வேல. அவ கத்துன கத்துல தெருவே திரும்பி பாத்துது. பொட்டி மேல உழுந்து அழுதா. மயக்கம் போட்டா. எங்க சொந்த அத்த போய் அவளுக்கு சோடா ஒடைச்சி குடுத்துச்சி. "கூடப் பொறந்தவ போல, பாவம்"னு ஒரு கிழவி சொன்னது என் காதுல உழுந்துது.

கூடப் பொறந்தவ நான். பந்தல் கம்ப புடிச்சிகிட்டு நின்னுகிட்டு இருந்தேன். எனக்கு அன்னிக்கு அழுவ வரல. அழுவ வராததுக்கு நான் இன்னா பண்ண முடியும். அவளுக்கு வந்துது, அழுதா, எல்லாரும் அவள பாத்தாங்க. அன்னிக்கு ஆரம்பிச்சிது எனக்கு வயித்தெரிச்சல்.

ஆனா அந்த பொண்ணு பேரு கேட்டாலே எனக்கு ஆவாதது அதுக்கு முன்னாடியே இருந்துது. அது இந்த மலை விஷயத்துல வந்தது.

வேலூர்ல ஒரு கும்பல் இருக்கு. ஒவ்வொரு வருஷமும் புது வருஷத்தன்னிக்கு காலையில அமிர்தி பார்க்ல கூடி, பர்மிஷன் வாங்கி, காட்டு வழியா அருவி வரைக்கும் நடந்து போய்ட்டு வருவாங்க. கூட்டிட்டு போறவரு ஒரு ரிட்டையரான பி.டி. மாஸ்டர். மரம், பறவ, எது எந்த பூன்னு சொல்லிகிட்டே போவாராம். அந்த பொண்ணு மருந்து கடைக்கு வந்தப்போதான் அக்காவ இழுத்துட்டு போனா. அதுலேர்ந்து ஒவ்வொரு வருஷமும் சின்னக்கா போனா. நாங்க வேதக்காரங்க, மாதா கோயிலுக்கு போறவங்க. ராத்திரி பூசை பாத்துட்டு வந்து, மறுநா காலையில எங்கம்மா ஆட்டுக்கறி வாங்கி வச்சிகிட்டு ஒக்காந்திருக்கும். இவ வெடியறதுக்குள்ள ஷூ மாட்டிகிட்டு கெளம்பிடுவா.

"புது வருஷத்தன்னிக்கு வீட்டுல இல்லாம மலையில இன்னா வச்சிருக்கு உனுக்கு"ன்னு அம்மா கேக்கும்.

"குளுருமா. நல்லா இருக்கும்."

"நம்ம வீட்ல குளுரல?"

நானும் வர்றேன்னு ஒவ்வொரு தடவையும் கேட்டேன். "நீ பாதி வழில ஒக்காந்துக்குவ, உன்ன தூக்கினு யாரு வர்றது"ன்னு சிரிச்சிகிட்டே போய்டுவா. சாயந்திரம் வந்து தலமுடில எல ஒட்டிகிட்டு அப்படியே சாஞ்சிடுவா. அங்க இன்னா நடந்துதுன்னு கேட்டா, ஜோடி, ஜோடின்னு ஒன்னு சொல்லுவா. அங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஜோடி உண்டு. உன் ஜோடி காணாம போவாம நீ பாத்துக்கணும், உன்ன அவங்க பாத்துக்கணும். மாஸ்டர் விசில் ஊதி "ஜோடி"ன்னு கூவுனா எல்லாரும் கை தூக்கணும். ஆனா தன் கைய தானே தூக்கக் கூடாது. உன் ஜோடி கைய நீ புடிச்சி தூக்கணும். தூக்காத கை தெரிஞ்சா ஆள் கொறையுதுன்னு அர்த்தம்.

சின்னக்காவோட ஜோடி அந்த பொண்ணு. எத்தினி வருஷம் போனாளோ அத்தினி வருஷமும் அவதான்.

இந்த வருஷம் மாஸ்டர் எங்கம்மாவுக்கு போன் பண்ணாரு. உங்க பொண்ண நெனச்சிதான் இந்த தடவ நடக்கறோம், வீட்டுலேர்ந்து யாராச்சும் வந்தா நல்லாருக்கும்னாரு. அம்மா, எங்களுக்கு இன்னா சார் புது வருஷம்னு வச்சிடுச்சி. நான் போறேன்னு சொன்னேன். எங்க கம்பெனில ஒன்னாந்தேதி லீவு குடுத்தா பதிலுக்கு ஒரு ஞாயித்துக்கெழம வேல வாங்கிடுவாங்க, அதனால அதுல பேஜாரு இல்ல. அக்கா ஷூ எனக்கு பெருசு. முன்னாடி பஞ்சு அடைச்சி போட்டுகிட்டேன்.

வேலூர்லேர்ந்து வேன். எறங்கறப்போ பார்க் கேட்டுல பனி இன்னும் போகல. குரங்குங்க கம்பி மேல ஒக்காந்து எங்க பைய பாத்துகிட்டு இருந்துதுங்க. அந்த பொண்ணு முன்னாடியே ஸ்கூட்டில வந்து நின்னுகிட்டு இருந்தா. தலையில நீலத் தொப்பி. அது எங்கக்கா தொப்பி. வீட்டுல அந்த தொப்பிய காணோம்னு நானும் அம்மாவும் பீரோவ தலகீழா தேடியிருக்கோம். இங்க இவ தலையில கீது.

என்ன பாத்ததும் ஓடி வந்து கைய புடிச்சா. "வந்துட்டியா பாப்பா"ன்னா. எங்கக்கா என்ன கூப்புடறது பாப்பான்னுதான். அது இவளுக்கு எப்படி தெரியும்.

மாஸ்டர் எல்லாரையும் வட்டமா நிக்க வச்சாரு. நல்ல மனுஷன்தான், தப்பு சொல்லக்கூடாது. "போன வருஷம் நம்ம கூட நடந்த பொண்ணு இன்னிக்கு இல்ல. அது எடத்த யாருக்கும் குடுக்க போறதில்ல. அந்த எடம் காலியா நம்ம கூட வரும். அது ஜோடி தனியா நடக்கும்"னாரு. நெறைய பேரு கண்ண தொடச்சிகிட்டாங்க. ஒரு அம்மா போய் அந்த பொண்ணு தோள தடவி குடுத்துச்சி.

நான் கிட்ட போய், "சார், அந்த எடத்துல நான் நிக்கறேனே"ன்னு கேட்டேன்.

"நீ மொதல் தடவ வர்றம்மா. பழக்கப்பட்டவங்க கூட போ, அதான் உனக்கு நல்லது. பாய், இந்த பொண்ணு உங்க ஜோடி."

அவ்ளோதான். கேட்டேன், இல்லன்னுட்டாரு. எங்கக்காவுக்கு பக்கத்துல காலியா ஒரு எடம் இருந்தா அது என் எடம்னு அங்க இருந்த யாருக்கும் தோணல. அவளுக்கும் தோணல. தோணியிருந்தா, பாப்பா என் கூட நடக்கட்டும்னு சொல்லியிருக்கலாம்ல.

பாய் லாங் பஜார்ல மளிகை மொத்த வியாபாரம் பண்றவரு. டாக்டர் நடக்கச் சொல்லி நடக்க ஆரம்பிச்சவரு. வேட்டிய மடிச்சி கட்டிகிட்டு, ஒரு ஜோப்புல கடல, இன்னொரு ஜோப்புல பேரீச்சம்பழம்.

"சர்க்கரைக்கு நடக்க வந்துட்டு பேரீச்சம்பழமா"ன்னு கேட்டேன்.

"மேல போய் கொறைக்கறதுக்கு கீழ கொஞ்சம் ஏத்திக்கணும்ல. நீ பேசாம ரெண்டு எடு. உன் மூஞ்சிய பாத்தா காலையில நாஷ்டா துன்னவ மாதிரி தெரியல."

பாதை நல்ல பாதைதான். மூங்கிலு, பாறைங்க, எங்கியோ தண்ணி சத்தம். மாஸ்டர் நின்னு நின்னு மரத்த காட்டுனாரு. நான் ஒரு மரத்தையும் பாக்கல. எனக்கு முன்னாடி அந்த நீலத் தொப்பி போய்கிட்டு இருந்துது, அத மட்டும்தான் பாத்தேன். அவ பாதைல நடுவுல நடக்கல. ஓரமா, எடது பக்கம் ஒரு ஆள் அளவு எடம் விட்டு நடந்தா. முள்ளு கெளை வந்தா புடிச்சி நிப்பாட்டிட்டு, கூட வர்றவ தாண்டற வரைக்கும் நிக்கறாப்பல ஒரு நிமிஷம் நின்னா. யாரும் தாண்டல. அப்பறம் விட்டா. அத பாத்து பக்கத்துல போன பொம்பளைங்க மூக்க உறிஞ்சினாங்க. ஒருத்தி தண்ணி குடுத்தா, ஒருத்தி பைய வாங்கிக்கிட்டா.

எனக்கு எப்படி இருந்துதுன்னா, யாரோ எங்க வீட்டுக்குள்ள பூந்து எங்க சாமான எடுத்து தெருவுல வச்சி, பாத்தீங்களா எவ்ளோ நல்ல சாமான்னு காட்டற மாதிரி இருந்துது.

"அந்த பொண்ணயே பாக்கறியே. எனக்கு எதுனா ஆனா நீதான் பாக்கணும், தெரியுமில்ல"ன்னாரு பாய்.

"உங்களுக்கு ஒன்னும் ஆவாது பாய்."

"ஆவாதுன்னு டாக்டரே சொல்லல, நீ சொல்ற."

வழியில மாஸ்டர் விசில் ஊதி "ஜோடி"ன்னாரு. பாய் என் கைய தூக்குனாரு, நான் அவரு கைய தூக்குனேன். எல்லா கையும் தூக்கிகிட்டு நின்னுது. மாஸ்டர் எண்ணிகிட்டே வந்தாரு. அவகிட்ட வந்ததும் குனிஞ்சி, "நீ இருக்கட்டும்மா, இது சரி"ன்னு சொல்லிட்டு தாண்டிட்டாரு. அவ கைய யாரும் தூக்கல. காலி எடத்துக்கு குடுக்கற மரியாதையாம். எல்லாருக்கும் அது புடிச்சிருந்துது. எனக்கு புடிக்கல. ஆனா அப்ப புடிக்காததுக்கு காரணம் வேற.

அருவில தண்ணி கம்மிதான். பாறை மேல கேக்கு வச்சி வெட்டுனாங்க. புது வருஷம் நல்லா இருக்கணும்னு ஒருத்தருக்கொருத்தர் ஊட்டுனாங்க. அப்பறம் எங்கக்காவ பத்தி அந்த பொண்ண பேச சொன்னாங்க. அவ, போன வருஷம் இதே பாறையில ஒக்காந்து சின்னக்கா பாட்டு பாடுனத சொன்னா. எல்லாரும் ஆமா ஆமான்னு தலையாட்டுனாங்க. பாய் கூட, "நல்ல கொரலு"ன்னாரு.

எங்கக்கா பாடுவான்னு எனக்கு தெரியாது. எங்க வீட்ல அவ பாடுனதே இல்ல. கோயில்ல கூட வாய மட்டும்தான் அசைப்பா. என்ன யாரும் பேசச் சொல்லல. சொல்லியிருந்தா இன்னா சொல்லியிருப்பேன்னும் தெரியல. எனக்கு குடுத்த கேக்கு துண்ட துன்னாம குரங்குக்கு போட்டேன். மாஸ்டர் திட்டுனாரு, குரங்குக்கு போடக் கூடாதாம்.

எறங்கும்போது வெயில் ஏறிடுச்சி. கும்பல் பேசிகிட்டே வேகமா எறங்குது. ஒரு எடத்துல பாறை வழி செங்குத்தா வரும், ஒவ்வொருத்தரா ஒக்காந்து எறங்கணும். பாயை புடிச்சி எறக்கறதுக்குள்ள எனக்கு உசுரு போய்டுச்சி. அப்பறம் திரும்பி பாத்தேன், தொப்பி எங்கன்னு. தெரியல. முன்னாடி போயிருப்பான்னு நெனச்சேன். கொஞ்சம் தூரம் வந்ததும் மாஸ்டர் விசில் ஊதுனாரு. கைங்க மேல போச்சி. மாஸ்டர் எண்ணுனாரு. காலி எடத்து ஜோடி வர்ற வரிசையில "அது சரி"ன்னாரு, தல நிமிராம. நடக்கலாம்னாரு. எல்லாரும் நடக்க ஆரம்பிச்சிட்டாங்க.

"சார், அந்த பொண்ணு இல்ல"ன்னேன்.

"எந்த பொண்ணும்மா? எண்ணியாச்சே."

"எங்கக்கா ஜோடி."

என் வாயாலயே சொன்னேன். அதுவரைக்கும் அந்த வார்த்தைய நான் சொன்னதில்ல.

மாஸ்டர் மூஞ்சி மாறிடுச்சி. யாரு கடைசியா பாத்தீங்கன்னு கேட்டாரு. ஒருத்தரும் பாக்கல. அவங்கவங்க ஜோடிய அவங்கவங்க பாத்துகிட்டாங்க, அதுல தப்பு ஒன்னும் இல்ல. பைய வாங்கிக்கிட்ட அம்மா பைய கெட்டியா புடிச்சிகிட்டு நிக்குது. பாய்தான் கோவமா, "செத்தவளுக்கு எடம் விட்டோம் மாஸ்டர், உசுரோட இருக்கறவளுக்கு ஆள் விடலியே"ன்னாரு. மாஸ்டர் திரும்பி மேல ஏறுனாரு. நானும் அவரு பின்னாடி ஓடுனேன். நாள் பூரா அவளயே பாத்தவ நான் ஒருத்திதான. பொறாமையிலதான் பாத்தேன், பாசத்துல இல்ல. ஆனா பாத்தது நான்தான்.

அந்த பாறை வழிக்கு மேல, ரெண்டு கல்லு நடுவுல ஒக்காந்திருந்தா. கணுக்கால் வீங்கி ஷூவ கழட்டி வச்சிருந்தா. எங்கள பாத்ததும் அழுவல. அடக்கத்தன்னிக்கு அழுதவ இங்க அழுவல, அது எனக்கு ஆச்சரியமா இருந்துது.

"கூப்புடறதுக்கு இன்னா"ன்னு கேட்டேன்.

"கூப்ட்டேன். எல்லாரும் சிரிச்சிகிட்டே போய்ட்டீங்க."

மாஸ்டர் கால புடிச்சி பாத்தாரு. ஒடயல, சுளுக்குன்னாரு. கட்டறதுக்கு துணி வேணும்னாரு, என் துப்பட்டாவ குடுத்தேன். அவரு கட்டும்போது எப்படி உழுந்தன்னு கேட்டாரு. அவ என்ன பாத்து சொன்னா.

"இந்த எடத்துல உங்கக்காவுக்கு பயம். நான் ஒரு படி எறங்கி நின்னு, திரும்பி கை நீட்டணும். அப்பதான் எறங்குவா. இன்னிக்கும் பழக்கத்துல திரும்பி கை நீட்டிட்டேன். அங்க யாரும் இல்லன்னதும் கால் வழுக்கிடுச்சி."

"எங்கக்காவுக்கு பயமா? மொட்ட மாடி சொவுரு மேல நடந்து பட்டம் எடுத்தவ அவ."

"ஏறும்போது இல்ல. எறங்கும்போது. கை வேர்த்துடும். கண்ண மூடிக்குவா. வீட்ல சொல்லாதடி, பாப்பா கிண்டல் பண்ணியே கொன்னுடும்னுவா."

அந்த நேரத்துல எனக்கு வந்த எரிச்சல் இருக்கே, அடக்கத்தன்னிக்கு கூட அப்படி இல்ல. பாட்டு கூட போவட்டும். எங்கக்கா எதுக்கு பயப்படுவான்னு எனக்கு தெரியாது, இவளுக்கு தெரியுது. எனக்கு கெடச்சதெல்லாம் தைரியமான அக்கா. ஆஸ்பத்திரில கூட என்ன பாத்து, ஒன்னும் இல்லடி, நாளைக்கு வந்துடுவேன்னு சொன்னா. நான் நம்பிட்டு வேலைக்கு போய்ட்டேன். பயமா இருக்குதுன்னு ஒரு வார்த்த என்கிட்ட சொல்லியிருந்தா நான் போயிருப்பேனா.

இன்னா பேசறதுன்னு தெரியாம, "அந்த தொப்பி எங்க வீட்டுது"ன்னேன்.

அவ கழட்டி பாத்தா. "இல்லையே. ஒரே மாதிரி ரெண்டு வாங்குனோம். இது என்னுது. அவளுது உங்க வீட்லதான இருக்கும்."

"வீடு பூரா தேடிட்டோம். இல்ல."

"அப்ப வேன்லயோ ரயில்லயோ விட்டிருப்பா. எத அவ ஒழுங்கா கொண்டு வந்து வீடு சேத்திருக்கா."

எனக்கு சிரிப்பு வந்துடுச்சி. ஏன்னா அது நெசம். கொடை, டிபன் டப்பா, ஒரு தடவ ஒத்த செருப்பு. அவளும் சிரிச்சா. மாஸ்டர் எங்க ரெண்டு பேரயும் பாத்துட்டு ஒன்னும் புரியாம ஒக்காந்திருந்தாரு.

சிரிச்சி முடிச்சிட்டு அவ மெதுவா கேட்டா. "பாப்பா, வீட்டுல அவ எப்படி இருப்பா? எனக்கு இந்த மலையும் கடையும்தான் தெரியும். காலையில எழுந்தா எப்படி இருப்பா, யார்கிட்ட சண்ட போடுவா, எதுவும் தெரியாது. உங்க வீட்டுக்கு வந்து கேக்க பயமா இருக்கு. உங்கம்மா என்ன பாக்கறதே இல்ல."

"வாய தொறந்துகிட்டு தூங்குவா"ன்னேன்.

"அப்பறம்?"

அப்பறம் நெறைய இருக்குது. நான் சொல்லல. அது ஒன்னுதான் குடுத்தேன். மீதி என்னுது. அவகிட்ட பாட்டும் பயமும் இருக்குது, என்கிட்ட இது இருக்கட்டும்.

மாஸ்டர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், அவள நடுவுல வச்சி எறக்குனோம். பாறை வழியில நான் ஒரு படி கீழ நின்னு திரும்பி கை நீட்டுனேன். வேற வழி இல்ல, அங்க அப்படித்தான் எறக்க முடியும். அவ என் கைய புடிச்சி எறங்குனா. கனமா இருந்தா. கை வலிச்சிது. எங்கக்கா எடத்துல நிக்கணும்னு வந்தேனே, நான் நின்னது எங்கக்கா எடம் இல்ல, இவ எடம்னு அப்பதான் ஒரச்சிது. மேல நின்னு கண்ண மூடிகிட்டு, கைய மட்டும் நீட்டறதுதான் அக்கா எடம். அத யாருக்கும் குடுக்க முடியாதுதான். மாஸ்டர் காலையில சொன்னது ஒரு வெதத்துல சரி.

கீழ வந்ததும் கும்பல் ஓடி வந்துது. பாய், "என் ஜோடிய இவ தட்டிகிட்டு போய்ட்டா, எனக்கு யாரு கை தூக்கறது"ன்னு கத்துனாரு. கேட்டுகிட்ட கடைசி தடவ விசில். இந்த தடவ மாஸ்டர் தல குனியல. நேரா எங்க கிட்ட வந்து நின்னாரு. அந்த பொண்ணு என் கைய புடிச்சி தூக்குனா. எல்லாரும் என்னயே பாக்கறாங்க. அவ கை கீழ தொங்குது. கொஞ்ச நேரம் நான் தூக்கல. தூக்குனா ஒத்துக்கிட்ட மாதிரி ஆய்டுமே. ஆனா தூக்கலன்னா ஆள் கொறையுது, வேன் கெளம்பாது. தூக்கிட்டேன்.

பொறாமை போச்சான்னு கேட்டா, போவல. கால் முடியாம ஸ்கூட்டிய கேட்டுலயே விட்டுட்டு அவளும் வேன்ல ஏறுனா. அவ பக்கத்துலதான் ஒக்காந்தேன், ஒரு வார்த்த பேசல. காட்பாடில என்ன ரயில் ஏத்தி விட்டுட்டு, கட்டு போட்ட காலோட பிளாட்பாரத்துல நின்னா. வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட, அக்கா நல்லா பாடுவாளாம்மான்னு கேட்டேன். "யாரு சொன்னா"ன்னுச்சி அம்மா. அந்த பொண்ணுன்னேன். அம்மா, "ஒரு நாளைக்கு அத வரச் சொல்லு"ன்னுச்சி. நான் இன்னும் சொல்லல. சொல்லுவேன். கொஞ்சம் ஆவட்டும்.

இத படிக்கறவங்க எந்த சாமிய கும்புடறவங்களா இருந்தாலும் சரி, எங்கக்காவுக்காக ஒரு தடவ வேண்டிக்குங்க. கோயில்ல பேரு சொல்லி பூசைக்கு வச்சிருக்கோம், ஆனா அது பத்தாதுன்னு எனக்கு தோணுது. அவ எறங்கறதுக்கு பயந்தவ. எங்க போயிருக்காளோ அங்க ஏத்தம் எறக்கம் எப்படின்னு தெரியல, யாராச்சும் ஒரு படி முன்னாடி நின்னு கைய நீட்டணும்னு வேண்டிக்குங்க. அந்த பொண்ணு காலு சீக்கிரம் ஆறணும்னும் வேண்டிக்கலாம். அத நான் கேக்கல. நீங்களா வேண்டிக்கிட்டா சரி.